மழைக்கு முன் விறகு: மலையகத்தில் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கு

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில், எங்கள் காம்பராவில் அடுப்புக்கு மேலே ஒரு பரண் இருந்தது. தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து முடிந்த மலையில், மிலாறு என்கிற வெட்டுக் குச்சிகளைப் பொறுக்கி, கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து வந்து அம்மா அதில் அடுக்குவார். மாசி, பங்குனி வெயிலிலேயே அந்த வேலை முடிந்துவிட வேண்டும். வைகாசிக் கடைசியில் ஹட்டன் பக்கம் மழை பிடித்ததென்றால் ஆவணி வரைக்கும் விடாது. அப்போது எழுந்து போய் விறகு தேடினால் கிடைப்பதெல்லாம் ஈரம். ஊதி ஊதிக் கண் எரியுமே தவிர, ஒரு கோப்பைத் தேத்தண்ணி கொதிக்காது.

கஷ்ட காலத்தில் தைரியம் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தப் பரணைப் பற்றித்தான். மண் சரிகிற இரவில் உட்கார்ந்து விசுவாசத்தைத் தேடுவது கடினம். கொஞ்சம் கொஞ்சமாக முன்பே சேர்த்து வைத்திருந்தால், அந்த இரவில் கை தானாகப் பரணுக்குப் போகும்.

நான் போதகர் இல்லை. கொழுந்து எடுத்தவரின் மகள். ஞாயிறு பாடசாலையில் 20 வருடத்துக்கு மேலாகப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொடுப்பவள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் எத்தனையோ இடங்களில் மண் சரிந்தது. எங்கள் லயத்துக்குப் பின்னாலும் நிலம் வெடித்தது; 11 நாள் பாடசாலை மண்டபத்தில் இருந்தோம். அங்கே பாய்க்குப் பாய் ஒரே கேள்விதான் வந்தது. "அக்கா, எனக்கு ஜெபிக்கத் தெரியாது. நான் இப்பதான் கோயிலுக்கு வர்றேன். எங்கயிருந்து தொடங்குறது?" அன்றைக்கு அரைகுறையாகச் சொன்ன பதிலை இப்போது ஒழுங்காக எழுதுகிறேன்.

முதலில், பயத்தின் பேரைச் சொல்லுங்கள்

புதிதாக வருபவர்களிடம் "விசுவாசி பயப்படக் கூடாது" என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். நான் அதை ஏற்றுக்கொள்ள மாட்டேன். தாவீது பெலிஸ்தரின் கையில் அகப்பட்டிருந்த நேரத்துச் சங்கீதம் ஒன்று இருக்கிறது, 56ஆவது. அதில் அவர் சொல்வது: "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." பயம் இல்லாத நாளில் என்று எழுதியிருக்கவில்லை. கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே, "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்று தம் சீஷர்களிடம் வாய்விட்டுச் சொன்னார். ஆண்டவர் மறைக்காததை நாம் ஏன் மறைக்க வேண்டும்?

வேதத்தில் "பயப்படாதே" என்ற சொல் 365 தடவை, நாளுக்கு ஒன்றாக வருகிறது என்றும் பிரசங்கத்தில் கேட்பீர்கள். எண்ணிப் பார்த்தால் அவ்வளவு வராது. ஆனாலும் திரும்பத் திரும்ப வருகிறது. பயப்படுகிறவர்களிடம்தானே அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது!

ஆகவே ஒரு கொப்பி வாங்குங்கள். பிள்ளையின் பழைய கொப்பியில் மிச்சமிருக்கும் தாள்கள் போதும். ஒரு வரிக்கு ஒரு பயமாக எழுதுங்கள். "மனசு சரியில்லை" என்று எழுதினால் பிரயோசனம் குறைவு. இப்படி எழுதுங்கள்:

வியாழக்கிழமை லோன்காரர் வருவார், கையில் காசில்லை.
லயத்துக்குப் பின்னால் உள்ள மண்.
சின்னவனுக்கு இரவில் இழுப்பு.
மஸ்கட்டில் வேலைக்குப் போன தங்கச்சி 3 கிழமையாகப் பேசவில்லை.
இந்த மாதம் எத்தனை நாள் அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) விழுந்ததோ.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் "கை" அல்லது "ஜெபம்" என்று எழுதுங்கள். நான் செய்யக்கூடியது ஏதாவது இருந்தால் "கை". என் கைக்கு எட்டாதது என்றால் "ஜெபம்". பெரும்பாலான வரிகளுக்கு இரண்டையும் எழுத வேண்டியிருக்கும். முதன்முதலாக எழுதியபோது எனக்கு 14 வரி வந்தது. ராத்திரியில் அது நூறு போலத் தோன்றியிருந்தது.

ஒரு கிழமைக்கு ஒரு வசனம்

புது வேதாகமம் கையில் கிடைத்ததும் ஆதியாகமத்தில் தொடங்கி, லேவியராகமத்தில் நின்று, "எனக்கு விளங்கவில்லை" என்று மூடி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கஷ்டத்தில் இருப்பவர் சங்கீதப் புத்தகத்தில் தொடங்குவது நல்லது. அதோடு மாற்கு சுவிசேஷம்; அது 16 அதிகாரம்தான், நாளுக்கு ஒன்றாக வாசித்தால் மூன்று கிழமைக்குள் முடிந்துவிடும்.

இங்கே ஒரு விஷயம் புதியவர்களைக் குழப்பும். மெதடிஸ்த, அங்கிலிக்கன், பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலும் பழைய மொழிபெயர்ப்பை வாசிப்பார்கள்; அதில் "கர்த்தர்", "சங்கீதம்" என்று இருக்கும். கத்தோலிக்கர் கையில் இருப்பது 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு. அதில் "ஆண்டவர்", "திருப்பாடல்" என்று இருக்கும். 46ஆம் சங்கீதமும் 46ஆம் திருப்பாடலும் ஒன்றுதான். எது கிடைக்கிறதோ அதை எடுங்கள். போனிலும் தமிழ் வேதாகமம் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் பெருமழையில் முதலில் போவது கரண்ட், அடுத்தது சிக்னல், மூன்றாவது பெட்டரி. மனதில் இருப்பது மட்டும்தான் மிஞ்சும். அதனால்தான் மனப்பாடம் செய்யச் சொல்கிறேன்.

எங்கள் மலைக்கு ஏற்றவை என்று நான் கொடுப்பவற்றில் முதலாவது, சங்கீதம் 121. அதற்கு ஆரோகண சங்கீதம் என்று பெயர். எருசலேமுக்கு மேடேறிப் போனவர்கள் பாடியது. "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்" என்று அது தொடங்குகிறது. சின்ன வயதில் இந்த வரி எனக்குப் பிடிக்காது. மலையைப் பார்த்தால் எனக்கு வந்தது பயம்தான். எங்கள் தாத்தாக்களைத் தின்ற மலை, அம்மாவின் முதுகை வளைத்த மலை. பிறகுதான் அடுத்த வரியைக் கவனித்தேன்: "வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து எனக்கு ஒத்தாசை வரும்." மலையைப் பார்த்த கண்ணை அது மலையை உண்டாக்கினவர் பக்கம் திருப்பிவிடுகிறது. மூன்றாவது வரி கொழுந்துச் சாக்கோடு வழுக்குப் பாதையில் இறங்கியவர்களுக்கென்றே எழுதியது போல இருக்கும்: "உன் காலைத் தள்ளாடவொட்டார், உன்னைக் காக்கிறவர் உறங்கார்."

இரண்டாவது, சங்கீதம் 46. "தேவன் நமக்கு அடைக்கலமும் பெலனும், ஆபத்துக்காலத்தில் அநுகூலமான துணையுமானவர். ஆகையால் பூமி நிலைமாறினாலும், மலைகள் நடுச்சமுத்திரத்தில் சாய்ந்துபோனாலும்..." என்று போகும். பாடசாலை மண்டபத்தில் இரண்டாவது இரவு, மெழுகுதிரி வெளிச்சத்தில் இதை வாசிக்கத் தொடங்கினேன். மலைகள் சாய்ந்துபோனாலும் என்ற இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. வெளியே சற்று முன்புதான் அப்படியொரு சத்தம் கேட்டிருந்தது. பக்கத்துப் பாயில் இருந்த வேறொரு அம்மா, மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வருடம் தவறாமல் கரகம் எடுப்பவர், "ஏன் புள்ள நிறுத்திட்ட? மிச்சத்தையும் வாசி" என்றார். வாசித்தேன். "நாம் பயப்படோம்" என்ற சொல் வந்தபோது நான் பயந்துகொண்டுதான் இருந்தேன். ஆனால் அந்தச் சொல் வாயிலிருந்து வெளியே வந்தது. அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு 23ஆம் சங்கீதம். "நான் மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும் பொல்லாப்புக்குப் பயப்படேன்; தேவரீர் என்னோடே கூட இருக்கிறீர்." கைநாட்டு வைத்த என் அம்மா இதை முழுவதும் காதால் கேட்டே பாடமாக்கினார். வாசிக்கத் தெரியாதவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை மாலையில் பக்கத்தில் இருத்தி, ஒரே வசனத்தை 5 தடவை வாசிக்கச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் அது பாடமாகும்.

செய்யும் முறை இதுதான். திங்கட்கிழமை வசனத்தை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகும் வழியில் ஒரு தடவை, கொழுந்து நிறுக்கக் காத்து நிற்கும்போது ஒரு தடவை, படுக்கும்போது ஒரு தடவை சொல்லுங்கள். மேடேறும்போது மூச்சோடு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்: மூச்சை இழுக்கும்போது "என்னைக் காக்கிறவர்", விடும்போது "உறங்கார்". சனிக்கிழமை வரும்போது வசனம் உங்களுடையதாகியிருக்கும். அடுத்த திங்கள் வேறொன்று. ஆறு மாதத்தில் பரணில் 26 கட்டு விறகு.

அழுவதும் ஜெபம்தான்

ஜெபம் என்றால் மைக் பிடித்தவர் போல அழகாகப் பேச வேண்டும் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. கடைசியில்கூட ஒரு நல்ல வார்த்தை இல்லை. அப்படியிருந்தும் அதை வேதத்திலிருந்து யாரும் எடுத்துவிடவில்லை.

வார்த்தை வராதவர்களுக்கு 13ஆம் சங்கீதம் நல்ல அச்சு. ஆறே வசனம். முதலில் முறையிடுகிறது: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" அடுத்தது கேட்கிறது: நோக்கிப் பாரும், செவிகொடும். கடைசியில் நம்பிக்கையைச் சொல்கிறது. அதே வரிசையில் உங்கள் சொந்தப் பேச்சிலேயே சொல்லுங்கள். "ஆண்டவரே, எத்தனை நாளைக்குத்தான் இப்பிடி? சின்னவனுக்கு மூச்சு முட்டுது. இன்னைக்கு ராத்திரி அவன் தூங்கணும். நீர் எங்களை விடமாட்டீர்னு நம்புறேன்." அரை நிமிடம்கூட ஆகாது. மூன்றாவது பகுதியைச் சொல்ல மனம் வராத நாளில் முதல் இரண்டோடு நிறுத்துங்கள். தன் மகனுக்காக வந்த ஒரு தகப்பன் இயேசுவிடம், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கத்தினான் என்று மாற்கு எழுதுகிறார். அந்த அரைகுறை ஜெபத்துக்கு முழுப் பதில் கிடைத்தது.

தனியாக இருக்காதீர்கள், ஆனால் பார்த்துச் சேருங்கள்

1854இல் தோட்டத் தொழிலாளருக்கென்று தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபோது மலைகளில் இருந்தது கோப்பித் தோட்டம். தேயிலை அதற்குப் பிறகுதான் வந்தது. உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்து, லயத்து வாசலில் ஆட்களைக் கூட்டி வேதம் வாசித்தார்கள். அந்தப் பழக்கம் இன்னும் சாகவில்லை. ஒரே குருவானவர் பல தோட்டங்களைப் பார்க்க வேண்டியிருப்பதால் சில இடங்களில் மாதத்தில் ஓரிரு ஞாயிறுதான் ஆராதனை நடக்கும். கிழமை நாட்களில் உங்களைத் தாங்குவது வீட்டு ஜெபக்கூட்டம். ஐந்தாறு பேர், ஒரு பாய், கடைசியில் சாயத்தண்ணி. அங்கே போங்கள். முதல் நாள் சாட்சி சொல்ல வேண்டியதில்லை, பாட்டுத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. உங்கள் கொப்பியிலிருந்து ஒரே ஒரு வரியை மட்டும் சொல்லி, "இதுக்காக ஜெபிங்க" என்று கேளுங்கள்.

கஷ்டத்தில் இருப்பவரின் கை எந்தக் கிளையையும் பிடிக்கும். அதனால் சபையைச் சோதித்துப் பார்க்க மூன்று விஷயங்களைச் சொல்கிறேன்.

ஒன்று மருந்து. "விசுவாசம் இருந்தால் குளிசை எதற்கு" என்று கேட்கும் இடத்தில் இருக்காதீர்கள். எங்கள் உறவினர் ஒருவர் அப்படி யாரோ சொன்னதைக் கேட்டுப் பிரஷர் குளிசையை நிறுத்தினார். 4 மாதத்தில் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. இயேசுவே "பிணியாளிகளுக்கு வைத்தியன் வேண்டியது" என்று சொல்லியிருக்கிறார். கிளினிக் கொப்பியையும் வேதாகமத்தையும் ஒரே பையில் வையுங்கள்.

இரண்டு காசு. இவ்வளவு காணிக்கை கொடுத்தால் கடன் தீரும் என்று யாராவது பேரம் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.

மூன்று வீட்டார். மலையகத்தில் நம்மில் பெரும்பாலோர் இந்துக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். ஒரே காம்பராவில் ஒரு மூலையில் சிலுவையும் இன்னொரு மூலையில் முருகன் படமும் இருக்கும். அப்பாவைப் பகைக்கச் சொல்லி, அம்மா கும்பிடுவதைக் கேலி செய்யச் சொல்லி வருகிற போதனையால் உங்களுக்குத் தைரியம் வராது. வீட்டில் இருந்த ஒரே துணையும் போய்விடும். உங்கள் விசுவாசத்தை மறைக்கவும் வேண்டாம். அமைதியாக, மரியாதையாக வாழ்ந்து காட்டுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். குடித்துவிட்டு அடிக்கிற கணவனைப் பொறுத்துக்கொள்வதுதான் சிலுவை சுமப்பது என்று ஒரு பெண்ணிடம் யார் சொன்னாலும் அது பொய். உதவி கேட்டு, பெண்களுக்கான உதவி எண்ணான 1938க்கு அழைப்பதற்கே பெரிய தைரியம் வேண்டும், அதை ஆண்டவர் தருவார். பிள்ளைகளுக்கு ஆபத்தென்றால் 1929க்கு அழையுங்கள்.

கையால் செய்ய வேண்டியவை

எலியா தீர்க்கதரிசி ஒருநாள் சாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டு ஒரு சூரைச்செடியின் கீழே படுத்தார். தேவதூதன் வந்து பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்து, தட்டி எழுப்பி, சாப்பிடச் சொன்னான். அவர் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினார். இரண்டாவது தடவையும் அதே சாப்பாடுதான். மனம் உடைந்த ஒருவருக்குக் கடவுள் முதலில் கொடுத்தது ரொட்டியும் தூக்கமும். இந்த 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை நான் அடிக்கடி வாசிப்பேன். வெறும் வயிற்றோடு மூன்று நாள் உபவாசம் இருந்து மலையேறி மயங்கி விழுந்த பிள்ளைகளைப் பார்த்த பிறகு, புதியவர்களிடம் முதலில் சாப்பிடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

கொப்பியில் "கை" என்று எழுதிய வரிகளுக்கு இப்போது வாருங்கள். நம் மலைகளில் முதல் பயம் மண்சரிவு. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். அந்த மக்களுக்கு மாற்று நிலம் நேரத்துக்குக் கிடைக்கவில்லை என்பதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. நமக்கு வீடும் காணியும் கேட்பதும் விசுவாசத்தின் வேலைதான். நீதி கேட்டு நியாயாதிபதியை விடாமல் தொந்தரவு செய்த விதவையை இயேசு மெச்சித்தானே கதை சொன்னார்!

காணி கிடைக்கும்வரை இதைச் செய்யுங்கள். மேலும் கீழும் ஒரே அகலமுள்ள ஒரு வெறும் டின்னை, கூரைத் தண்ணீர் விழாத திறந்த இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் அடிமட்டத்தால் (ரூலரால்) அளந்து கொட்டிவிடுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் சேர்ந்தால் கவனமாக இருக்க வேண்டும். 100 என்றால் பையைக் கட்ட வேண்டும். 150 என்றால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 நிறைந்தால், வெளியேற வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்குப் பயன்படுத்தும் அளவுகள் இவை. ஆனால் டின் நிறையட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, மரம் சாய்தல், ஊற்றுத் தண்ணீர் திடீரெனக் கலங்குதல், இல்லாத இடத்தில் தண்ணீர் கசிதல், இருந்த ஊற்று வற்றுதல், இவற்றில் ஒன்றைக் கண்டாலும் இறங்கிவிடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117. அம்புலன்ஸுக்கு 1990.

பையில் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், கிளினிக் கொப்பி, குளிசை, டொர்ச், பிள்ளைக்கு ஒரு கம்பளி உடுப்பு. எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். "ஆண்டவர் பார்த்துக்கொள்வார், பை எதற்கு" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நோவா பேழையைக் கட்டத் தொடங்கியது மழைக்கு முன்னால் என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே பை கட்டினார்.

கடனுக்கு: எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதி, நம்பிக்கையான ஒருவரிடம் காட்டுங்கள். ஒரு நுண்கடனைக் கட்ட இன்னொன்றை எடுக்காதீர்கள். மறைத்து வைக்கிற கடன்தான் ஆளைக் கொல்கிறது.

கிழமைக் கணக்கில் தூக்கமில்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால், அதை ஜெபத்தில் மட்டும் வைத்திருக்க வேண்டாம். 1926க்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் எண் அது, இரவிலும் எடுப்பார்கள். எலியாவுக்குத் தூதன் வந்தது போல அங்கே ஒரு மனிதக் குரல் வரும்.

இன்னொருவரைத் தாங்கும்போது

நான் மெதடிஸ்த சபையைச் சேர்ந்தவள். ஆனாலும் தைரியத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கத்தோலிக்கக் குருவான புனித ஜோசப் வாஸ் அடிகளாரைச் சொல்லாமல் இருக்க முடியாது. நம் மலைநாட்டில் நடந்த கதை அது. கோவாவில் பிறந்தவர். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், ஏழை வேலையாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். வந்ததும் கடும் சுகயீனம். 1692இல் கண்டிக்கு வந்தபோது உளவாளி என்று சந்தேகப்பட்டுச் சிறையில் போட்டார்கள். சிறையில் உட்கார்ந்து சிங்களம் படித்தார்.

1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியது. அரசனும் வசதியுள்ளவர்களும் நகரத்தை விட்டுப் போனார்கள். நோயாளிகளைக் காட்டில் விட்டுவிட்டு உறவுகள் ஓடின. வாஸ் அடிகளார் ஓடவில்லை. தம் உறவினரான இன்னொரு குருவோடு சேர்ந்து, குடிசை போட்டு, கஞ்சி காய்ச்சி, புண்ணைக் கழுவி, செத்தவர்களைப் புதைத்தார். என்ன மதம் என்று யாரையும் கேட்கவில்லை. 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே காலமானார். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அந்த நாட்களில் அவருக்குப் பயம் இருந்திருக்காதா? கஞ்சி காய்ச்சுகிற நேரத்தில் அது பின்னால் போயிருக்கும் என்று நினைக்கிறேன். பாடசாலை மண்டபத்தில் எனக்கு நேர்ந்ததும் அதுதான். முதல் நாள் முழுவதும் மூலையில் நடுங்கிக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் காலையில் யாரோ என் கையில் கேத்தலைக் கொடுத்து, "அக்கா, பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி ஊத்துங்க" என்றார்கள். 60 கோப்பை ஊற்றி முடித்தபோது நடுக்கம் நின்றிருந்தது. "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியது எனக்கு அங்கேதான் விளங்கியது. ஆகவே நீங்கள் கஷ்டத்தில் இருக்கும்போதே, உங்களை விடக் கஷ்டத்தில் உள்ள ஒருவருக்குக் கிழமைக்கு ஒரு சின்ன வேலை செய்யுங்கள். தனியாக இருக்கும் பாட்டிக்கு ஒரு குடம் தண்ணீர், பிள்ளை பெற்ற வீட்டுக்கு ஒரு கட்டு மிலாறு.

அந்த இரவு வரும்போது

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அப்போது நீண்டதொன்றும் நினைவுக்கு வராது. டின்னில் மழை அந்த அளவைத் தாண்டினால் முதலில் வெளியேறுங்கள், நடந்துகொண்டே ஜெபியுங்கள். பிள்ளையின் கையைப் பிடித்து, வசனத்தைச் சத்தமாகச் சொல்லுங்கள். பாதுகாப்பான இடத்துக்கு வந்ததும் பாடுங்கள். பிலிப்பி சிறையில் பவுலும் சீலாவும் நடுராத்திரியில்தான் பாடினார்கள். படகு நிறையத் தண்ணீர் வந்தபோது சீஷர்கள் இயேசுவை எழுப்பி, "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்று கேட்டார்கள். நீங்களும் அப்படியே கேட்கலாம். அவர் கோபித்து அவர்களைப் படகிலிருந்து இறக்கிவிடவில்லை.

தைரியம் வராத நாட்கள்

அம்மா இறந்த பிறகு 8 மாதம் என்னால் ஜெபிக்க முடியவில்லை. வசனம் எல்லாம் தெரியும், சொன்னால் மண்ணைத் தின்பது போல இருந்தது. பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் வேலையையும் வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்க் கடைசி வாங்கில் உட்கார்ந்திருப்பேன். மற்றவர்கள் பாடுவார்கள். "ஏன் பாடவில்லை" என்று யாரும் கேட்கவில்லை. அதற்கு நான் இன்றும் அவர்களுக்கு நன்றியுள்ளவள்.

அந்த நாட்களில் மாற்கு 2ஆம் அதிகாரம்தான் என்னோடு இருந்தது. நடக்க முடியாத ஒருவனை நாலு பேர் படுக்கையோடு தூக்கி வருகிறார்கள். கூட்டத்தில் நுழைய முடியாமல், கூரையைப் பிரித்து இயேசுவுக்கு முன்னால் இறக்குகிறார்கள். "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று எழுதியிருக்கிறது. அவர்கள் விசுவாசம்! படுத்திருந்தவன் ஒரு வார்த்தையும் பேசியதாக இல்லை. நம் ஆட்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. வாகனம் வராத மேட்டு லயத்திலிருந்து, கம்பளியைக் கம்பில் கட்டி, நோயாளியை ரோட்டு வரைக்கும் தூக்கிப்போனவர்கள் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள். தூக்கப்படுகிறவர் செய்ய வேண்டியது கம்பளியில் அசையாமல் படுத்திருப்பது மட்டும்தான்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, அப்படி உங்களைத் தூக்கக்கூடிய நாலு பேரின் பேரை, போன் நம்பரோடு எழுதுங்கள். ஒருவர் வீட்டுக்காரராக இருக்கலாம், ஒருவர் பக்கத்துக் காம்பரா அம்மாவாக இருக்கலாம். எல்லாரும் கிறிஸ்தவர்களாக இருக்க வேண்டும் என்றில்லை. இரண்டு பேர்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள் என்றால், மற்ற இரண்டு வரியையும் வெறுமையாக விட்டுவிட்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்க் கடைசி வாங்கில் உட்காருங்கள்.